கல்லிடம் சொல்லிக்கொண்டவன்

சாயங்காலம் ஆறே முக்கால். ஊருக்கு வெளியே, பழைய ராணுவப் பயிற்சி முகாமுக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் ஆளுயரப் புல். வீடு கிடையாது, கடை கிடையாது. குரைப்பதற்கு ஒரு நாய்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு ஸ்கூட்டர்... அதில் இரண்டு பேர்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது கரண்ட் வேலை பார்க்கிறவருடைய கதைதான்.

ஸ்கூட்டரை ஓட்டியவர் என் கூட்டாளியின் சித்தப்பா. கூட்டாளி டிவி ரிப்பேர்க்காரன், இட்டுக்கட்டிப் பேசுகிற சாமர்த்தியமெல்லாம் அவனுக்குக் கிடையாது. அவன் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். சித்தப்பா வயர்மேன். வீடு, கடை, ஆபீஸ் என்று காலமெல்லாம் கம்பி இழுத்தவர். எப்போதோ ஒரு மெயின் போர்டில் கை வைத்து ஷாக் அடித்ததில், இடது கை விரல்கள் மரத்துப்போய்விட்டன. கொதிக்கிற டம்ளரைப் பிடித்தாலும் அவருக்குச் சூடு தெரியாது. "இதுவும் ஒரு வசதிதான்" என்பார். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் சிரிப்பார். "கரண்டை விடப் பெரிய பேயா? அதுகூடத்தானே தினமும் குடும்பம் நடத்துறேன்!"

பின்னால் உட்கார்ந்திருந்தவன் சித்தியின் தம்பி. தாய் போனபோது அவனுக்கு நாலு வயசு. அக்காதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். சித்தப்பா பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாளாம்: "தம்பியும் என்கூடத்தான் வருவான். சம்மதம்னா மேல பேசுங்க." சித்தப்பா சம்மதித்தார். பிறகு அந்த வீட்டில் குழந்தை பிறக்கவில்லை. அவன்தான் தம்பி, அவன்தான் பிள்ளை, எல்லாம். வளர்ந்ததும் சித்தப்பாவிடமே தொழில் கற்றுக்கொண்டு அவரோடு வேலைக்குப் போனான்.

அவனுக்கு ஊரில் வைத்த பெயர் 'மரியாதை'. ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்லிக்கொள்ளாமல் ஓர் இடத்தை விட்டுக் கிளம்ப மாட்டான். டீக்கடையில் டம்ளரை வைத்தால் "வரேன்ணே". பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்டக்டரிடம் "வரேன் சார்". வேலை பார்த்த வீட்டின் கிழவியிடம் வரேன், அவள் வளர்த்த பூனையிடமும் வரேன். ஒரு தடவை வேலை முடிந்து சுவிட்ச் பாக்ஸை மூடிவிட்டு அதனிடமே "வரேன்" என்றானாம். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் நாம் எல்லோருமே அப்படித்தானே? கிளம்பும்போது யாராவது 'போறேன்' என்போமா? போகிறவன் வாயிலிருந்து 'வரேன்' என்றுதான் வரவேண்டும். தப்பித்தவறி ஒரு குழந்தை 'போறேன்' என்று சொல்லிவிட்டால், வாயிலேயே ஒன்று போட்டு, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்போம். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். மறந்துவிடாதீர்கள்.

அந்த முகாம் யுத்த காலத்து முகாம். பையன்களைப் பிடித்து வந்து, ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, லாரியில் ஏற்றி அனுப்புவார்களாம். லாரி போனதைப் பார்த்தவர்கள் ஊரில் இருந்தார்கள். திரும்பி வந்ததைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்ததும் கூரைகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது சிமென்ட் தரை, இரண்டு வாசல் தூண், கப்பிக்கல் போட்ட ஒரு பெரிய மைதானம். இத்தனை காலம் கழித்து நகரசபைக்குத் திடீரென்று பாசம் பொங்கி, மைதானத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கல்லை நட்டது. பளபளப்பான, ஆளை விட உயரமான கல். யார் யார் என்று தெரியாததால் பெயர் எதுவும் இல்லை. 'இங்கிருந்து சென்றவர்களுக்கு' என்று ஒரே ஒரு வரி. மறுநாள் திறப்பு விழா. கல்லைச் சுற்றித் தரையில் விளக்குப் பதிக்கிற வேலை சித்தப்பாவுக்கு வந்தது.

பகலிலேயே முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது. இருட்டிய பிறகு எரியவிட்டுப் பார்க்கத்தான் அந்தச் சாயங்காலப் பயணம். போய் சுவிட்சைப் போட்டார்கள். விளக்குகள் எரிந்தன. கீழேயிருந்து வெளிச்சம் ஏறி, கல் தண்ணீர் மாதிரி மின்னியது. மைதானத்தில் காற்றில்லை. புல் அசையவில்லை. லேசாக ஒரு வாசனை மட்டும்... ஈரக் கித்தானும் பூட்ஸ் பாலிஷும் கலந்த மாதிரி. புதுக் கல்லுக்குப் பூசிய ஏதோ எண்ணெய் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார்.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். நாலடி வந்ததும் மரியாதை நின்றான். திரும்பி, கல்லைப் பார்த்து, வழக்கம்போல,

"வரேன்" என்றான். அதுவும் போதாதென்று "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சிரித்தான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் என்பார்களே... அதுதான்.

கல்லுக்குப் பின்னாலிருந்து, கப்பியில் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். இரண்டு குதிகால்கள் ஒன்றாகச் சேர்கிற சத்தம். அப்புறம் சாதாரணமான ஓர் ஆண் குரல்.

"ம்... வா."

மரியாதை தலையாட்டிவிட்டு வந்து ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டான். சித்தப்பாவுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வாட்ச்மேன் என்று நினைத்தார். மறுநாள் நகரசபை இன்ஜினியரிடம் சுவிட்ச் பெட்டிச் சாவியைக் கொடுக்கும்போது, "நேத்தே உங்க வாட்ச்மேன்கிட்ட குடுத்திருப்பேன், ஆள் முகத்தைக் காட்டல" என்றார்.

"எந்த வாட்ச்மேன்? அங்க இன்னும் ஆளே போடலியே" என்றார் இன்ஜினியர்.

அதே நாள் காலையில் சித்தி எழுந்தபோது தம்பியின் படுக்கை காலியாக இருந்தது. போர்வை மடித்திருந்தது. சும்மா மடித்ததில்லை, செங்கல் மாதிரி, ஓரம் ஓரமாகச் சரியாக. அவள் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். துணி மடிப்பதென்றால் அவளுக்கு ஒரு கண் உண்டு. "கடைசியில என் தம்பிக்கும் புத்தி வந்துடுச்சுங்க!" என்று அவள் சந்தோஷப்பட்டாள். அவன் பின்கட்டில் குளிர்ந்த தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தான். நாலு குடம் வெந்நீர் கேட்கிறவன்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக...

நின்றுகொண்டே சாப்பிட்டான். தட்டைப் பார்க்காமல், நேரே சுவரைப் பார்த்து, அவசரமாக. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்புவதில்லை, உடம்பு முழுவதையும் ஒரே வீச்சில் திருப்பினான். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். எந்தக் கடையில் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவன் சட்டைகளைத் தேய்க்கும்போது சூடு பட்டதும் துணியிலிருந்து அந்த வாசனை கிளம்பியது. ஈரக் கித்தான்... பாலிஷ்... அடியில் கொஞ்சம் இரும்புக்குப் போடுகிற எண்ணெய். சித்தி இரண்டு முறை துவைத்துப் பார்த்தாள். போகவில்லை.

ஒரு நாள் ராத்திரி அவன் தூங்கும்போது பாதங்களைப் பார்த்தாள். இரண்டு குதிகாலும் உரிந்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. வெறும் செருப்புப் போடுகிறவனுக்கு பூட்ஸ் கடித்த காயம். அவள் மருந்து தடவினாள். அவன் விழிக்கவில்லை. தூக்கத்திலேயே குதிகால்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டான்.

இதையெல்லாம் விடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. அதை முதலில் கவனித்தது டீக்கடைக்காரர்தான்.

"என்ன வயர்மேன், உங்க மச்சானுக்கு என்மேல கோவமா? டீயைக் குடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போறானே?"

அப்போதுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது. வீட்டிலும் அப்படித்தான். மரியாதை இப்போதெல்லாம் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. செருப்பை மாட்டுகிறான், போகிறான். அவ்வளவுதான். சித்தி ஒரு நாள் வாசலில் மறித்தே கேட்டுவிட்டாள்.

"ஏன்டா, எங்கிட்ட சொல்லிட்டுப் போனா வாய் வலிக்குமா?"

அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை, பாசமில்லை, ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியாதவன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"நான்தான் ஏற்கனவே சொல்லிட்டேனேக்கா" என்றான்.

"யார்கிட்ட?"

செருப்பை மாட்டினான். போய்விட்டான்.

இங்கேதான் நீங்கள் சித்தப்பாவைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் பயப்படவில்லை. தைரியசாலி என்பதால் இல்லை. அவருக்குள் எதுவும் நகரவில்லை, அவ்வளவுதான். இடது கையில் இருந்த மரப்பு மெல்லத் தோளுக்கு ஏறி, நெஞ்சுக்கு இறங்கினாற்போல் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். மச்சானுக்கு ஏதோ நடக்கிறது என்று தெரிகிறது, கண் பார்க்கிறது, ஆனால் மனசு 'சரி' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. சித்தி அழுதாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் லைட்டைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

ஆனாலும் ஒரு விடியற்காலையில், கதவு திறக்கிற சத்தம் கேட்டு, எழுந்து அவன் பின்னால் போனார்.

அவன் நடக்கவில்லை. ஓடினான். ஒரே சீரான ஓட்டம், கைகள் மார்போடு மடங்கியிருக்க. இவர் ஸ்கூட்டரின் விளக்கைப் போடாமல் தூரத்தில் தொடர்ந்தார். ஊர் முடிந்தது. புல் வந்தது. வாசல் தூண்கள் வந்தன. அங்கே ஸ்கூட்டரை நிறுத்தினார்.

கல்லைச் சுற்றி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் எரியக் கூடாது. அவரே டைமர் வைத்தவர்.

மைதானத்தில் மரியாதை தனியாக நடந்துகொண்டிருந்தான். கை வீசி, முட்டி உயர்த்தி, ஓரத்துக்குப் போய், திரும்பி... தனியாகத்தான் இருந்தான். ஆனால் அவன் மைதானத்தின் நடுவில் நடக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளுக்கு இடம் விட்டு நடந்தான். வரிசையில் ஒருத்தன் எப்படி நடப்பானோ அப்படி. கப்பியில் கேட்ட சத்தமும் ஒருத்தன் சத்தமில்லை.

சர்ரக்... சர்ரக்... சர்ரக்...

நிறையக் கால்கள். ஒரே காலாக.

எங்கிருந்தோ விசில் ஊதியது. சத்தம் நின்றது. மரியாதை நின்றான். மைதானம் முழுக்க மூச்சு வாங்குகிற சத்தம்... ஓடி வந்து நின்ற பையன்கள் மூச்சு வாங்குகிற மாதிரி... அது மெல்ல அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவன் வந்து, எதுவும் நடக்காதது போல ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். உடம்பு நெருப்பாகச் சுட்டது. பாதி வழியில் அவனாகவே பேசினான்.

"மாமா... அடுத்த வாரம் எங்களை அனுப்பிடுவாங்க."

"எங்களைன்னா?"

"எங்களை" என்றான் மறுபடியும். சித்தப்பா மேலே கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஆறு வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நம்ப மாட்டாள் என்று நினைத்தார். அவள் உடனே நம்பிவிட்டாள். பாதத்துக்கு மருந்து போட்டவள் அவள்தானே. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "என் புள்ளையை எனக்குத் திருப்பிக் குடுங்க" என்று ஒன்றையே சொன்னாள். வேறு எதையும் கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு அழுகை வரவில்லை, ஆனால் அந்த வார்த்தை எங்கோ போய் விழுந்தது. யோசிக்க ஆரம்பித்தார்.

அவருக்குத் தெரிந்த யோசனை வயர்மேன் யோசனைதான். எந்த சுவிட்சில் போட்டோமோ அந்த சுவிட்சில்தான் அணைக்க வேண்டும். வேறு எங்கே போய்த் தட்டினாலும் அணையாது. பையன் என்ன செய்தான்? அந்தக் கல்லைப் பார்த்து 'வரேன்' என்றான். அங்கே இருப்பவர்களுக்கு நம் மரியாதையெல்லாம் தெரியுமா? வரேன் என்றால் வருகிறேன் என்றே எடுத்துக்கொண்டார்கள். 'ம், வா' என்றார்கள். சேர்த்துக்கொண்டார்கள். அப்படியானால் அதே இடத்தில் நின்று எதிர் வார்த்தையைச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

"அவனை அங்க கூட்டிட்டுப் போய் 'போறேன்'னு சொல்ல வைக்கணும்" என்றார். "வரேன்னு இல்ல. போறேன். வெறும் போறேன்."

சித்தி சட்டென்று நிமிர்ந்தாள். "அந்த வார்த்தையா? என் தம்பி வாயாலயா?"

"வேற வழி இருந்தா நீயே சொல்லு."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "என் காதால அதைக் கேட்க மாட்டேன். நீங்க கூட்டிட்டுப் போங்க. கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். "கூட்டிட்டு வந்துடுவீங்கல்ல?"

"வந்துடறேன்" என்றார் சித்தப்பா.

ஆறு வாரம் முடிகிற அன்றைக்குச் சாயங்காலம் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் பாடம் நடத்தினார், குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. "ஒரே வார்த்தைதான் மாப்ள. கல்லைப் பார்த்துச் சொல்லு. சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்து வண்டியில ஏறு. என்ன சொல்லணும்?"

"போறேன்" என்றான் அவன், மரக்கட்டை மாதிரி.

"அதேதான். என் ராசா."

வாசல் தூண்களைத் தாண்டும்போதே டீசல் நாற்றம் அடித்தது. மைதானத்தில் வண்டி எதுவும் இல்லை. ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கிற பழைய என்ஜின்... ஒன்றில்லை, வரிசையாகப் பல. தரை அதிர்ந்தது. சித்தப்பாவின் செருப்புக்குள் அந்த அதிர்வு ஏறியது. மரத்த கையிலும் தெரிந்தது என்றார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கையில் ஏதோ ஒன்று தெரிந்தது அப்போதுதான்.

மரியாதை கல்லின் முன்னால் போய் நின்றான். குதிகாலைச் சேர்த்து, கையை விறைத்து நின்றான். வாய் திறக்கவில்லை.

"சொல்லு மாப்ள" என்றார் பின்னாலிருந்து.

இருட்டிக்கொண்டு வந்தது.

"சொல்லுடா. வீட்டுக்குப் போகணும். உங்க அக்கா காத்துக்கிட்டிருக்கா. சொல்லு. ஒரு வார்த்தை... சொல்லு..."

சொல்லப் பார்க்கிறான், வரவில்லை. சித்தப்பா கிட்டே போய் அவன் முதுகில் கை வைத்து, லேசாகத் தட்டிக்கொண்டே சொன்னார், "சொல்லுடா கண்ணு, சொல்லு, சொல்லு, சொல்லு..."

அந்த நேரத்தில் கல்லுக்குப் பின்னாலிருந்து அதே குரல் கேட்டது. அதட்டவில்லை. கடைக்கு யார் போவது என்று வீட்டில் கேட்போமே, அந்த மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டது.

"யாரு போறது?"

கேள்வி சித்தப்பாவின் காதில் விழுந்தது. நன்றாக விழுந்தது. அர்த்தமும் புரிந்தது. ஆனால் அவர் வாய் ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தது, கையும் தட்டிக்கொண்டிருந்தது. கேள்விக்குப் பின்னாலும் அந்த வாய் ஒரு தடவை சொல்லிவிட்டது.

"சொல்லு."

"போறேன்" என்றான் மரியாதை.

தெளிவாக, சத்தமாக, மைதானம் முழுக்கக் கேட்கும்படி.

கை வைத்திருந்த முதுகு இல்லை. அவ்வளவுதான். கை காற்றில் இருந்தது. இரும்புச் சங்கிலி ஒன்று 'கடக்' என்று மாட்டிக்கொண்டது. லாரியின் பின்கதவுச் சங்கிலி. கியர் விழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டில் ஏறி... சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று. புல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அப்புறம் விளக்குகள் எரிந்தன. டைமர் வைத்த நேரம்.

அவர் கத்தவில்லை, ஓடவில்லை. விளக்கில் ஒன்று மங்கலாக எரிவதைக் கவனித்தார். குனிந்து, ஹோல்டரைத் திருகிச் சரிசெய்தார். அதை ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியாது என்று கூட்டாளியிடம் சொல்லியிருக்கிறார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சித்தி வாசலிலேயே நின்றாள். ஸ்கூட்டரின் பின்சீட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அலறுவாள் என்று நினைத்தார். அவள் மிக மெதுவாகக் கேட்டாள்.

"போறப்போ என்ன சொல்லிட்டுப் போனான்?"

உண்மையைச் சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது அவர். முதுகில் தட்டித் தட்டிச் சொல்ல வைத்தது அவர். அந்த நிமிஷம் அவருக்கு இருந்தது ஒரே எண்ணம்தான், இவள் இன்றைக்கு ராத்திரியைத் தாண்ட வேண்டும்.

"வரேன்னு சொன்னான்" என்றார்.

அவள் முகம் தெளிந்தது. "சொன்னானா? அவன் வாயாலயா?"

"ஆமா. வரேன்னுதான் சொன்னான்."

"அப்ப வந்துடுவான்" என்றாள்.

போலீஸ் வந்தது, தேடியது, போனது. ஊரும் நாலு விதமாகப் பேசி ஓய்ந்தது. சித்தி மட்டும் அன்றிலிருந்து வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. சும்மா சாத்தி வைப்பாள். ஏதாவது கேட்டால், "வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நான் பூட்டிக்கிட்டுப் படுத்தா அவன் என்ன நினைப்பான்?" என்பாள். சித்தப்பா பல ராத்திரி உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்திருக்கிறார். அவள் தம்பியின் பாயை உதறிப் போட்டுக்கொண்டிருப்பாள். வாயை மூடிக்கொள்வார். அழவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். உப்பு இருக்கிறதா, இல்லையா என்பதுகூடத் தெரியாமல் சாப்பிட்டார்.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. பல் கிட்டுகிற குளிர். இரண்டு பேரும் உள் அறையில் ஒரே போர்வையில் படுத்திருந்தார்கள்.

விடிய இன்னும் நேரமிருந்தது. அவருக்கு விழிப்பு வந்தது. தெருவில் சத்தம்...

சர்ரக்... சர்ரக்... சர்ரக்...

அவர்கள் தெருவில் கப்பி கிடையாது. வழவழவென்று சிமென்ட் போட்ட தெரு.

சத்தம் வாசலுக்கு நேரே வந்தது. நின்றது.

பக்கத்தில் சித்தி எழுந்து உட்கார்ந்தாள். தூக்கக் கலக்கமே இல்லை, இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி எழுந்து போனாள். இவர் கூப்பிட நினைத்தார். நாக்கு எழவில்லை. கதவுக் கீல் முனகியது. குளிர் காற்று ஓர் அலையாக உள்ளே வந்தது. அதோடு அந்த வாசனை. ஈரக் கித்தான்.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். 'வாடா' என்று சொல்லப்போகிறாள்... சொல்லட்டும், ஒரு தடவையாவது அவனை வாடா என்று கூப்பிடட்டும் என்று நினைத்தார்.

கதவு சுவரில் போய் முட்டியது. அப்புறம் சித்தியின் குரல் வந்தது. சிரிப்பும் அழுகையுமாக.

"வாங்கடா... உள்ள வாங்க... ஐயோ, இத்தனை பேரா... பரவாயில்ல, வாங்க. எல்லாரும் உள்ள வாங்க."

காலடிச் சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. ஆனால் முன்னறையில் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று. பெட்டியைத் திறந்து பழைய சேலைகளை எடுக்கிற சத்தம். விரிப்பை உதறுகிற சத்தம். தூங்குகிற குழந்தைகளுக்கு நடுவே நடப்பது போல அவள் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைப்பது கேட்டது. "கொஞ்சம் நகர்ந்து படுப்பா... இவனுக்கும் இடம் விடு..." என்று ரகசியக் குரலில் சொல்லிக்கொண்டே போனாள்.

அப்புறம் அவள் உள் அறைக்கு வந்தாள். இருட்டில் அவர் பக்கத்தில் குனிந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"முழிச்சுதான் இருக்கீங்களா? போர்வையைக் கொஞ்சம் விடுங்க" என்றாள். "கடைசிப் பையன் குளிர்ல நடுங்குறான்."

சித்தப்பா உடம்பைச் சற்றுத் தூக்கிக் கொடுத்தார். அவள் போர்வையை உருவிக்கொண்டு போனாள்.